நீலம் பாயாத சைலன்சர்

நவம்பர் 5, ஞாயிறு

வண்டி கிளம்பிவிட்டது! மூன்றாவது உதையில். இதை எழுதும்போதுகூடக் காதுக்குள் அந்த டப்டப் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1951 மாடல் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள். அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், கோழி அடைக்கிற கொட்டகையில், பாதி எருவுக்குள் புதைந்து கிடந்ததை ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, இதற்கு உயிர் வந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் போன் போட்டுச் சத்தத்தைக் கேட்கவைத்தேன். ஒருத்தன், "என்ன, வீட்ல மிக்சி ஓடுதா?" என்றான். வயிற்றெரிச்சல் பிடித்த பயல்.

துளசிமணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடிவந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புகைக்குள் நின்று சிரித்தாள். "ஏனுங்க, ஆனைகட்டி வரைக்கும் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாமுங்களா? நீங்க சொன்னீங்கல்ல, மொத சவாரி எனக்குன்னு?"

சொன்னது உண்மைதான். வண்டியை வாங்கி வந்த அன்று அவள் வாயை அடைக்கச் சொன்னது. ஆனால் ஜனவரி கடைசியில் பழைய வண்டிக் கண்காட்சி இருக்கிறது. எஞ்சின் சூடேற ஓட்டினால் குரோம் பூசிய சைலன்சர் குழாய் நீலம் பாய்ந்துவிடும். டயர் ஓரத்தில் மண் ஒட்டும். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வருகிற நடுவர்கள் அதற்கெல்லாம் மார்க்கைக் குறைப்பார்கள். "கண்காட்சி முடியட்டும் புள்ள, அடுத்த நாளே போலாம்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு இதெல்லாம் சொன்னால் புரியாது.

ஒரே ஒரு குறை. கிளட்ச் கனமாக இருக்கிறது. இடது கை லீவர் இழுக்க வரமாட்டேன் என்கிறது. கேபிள் புதிதுதானே, பழகிவிடும்.

நவம்பர் 8, புதன்

பழகவில்லை. கேபிளைக் கழற்றி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக ஆயில் இறக்கினேன். மாலையில் மாட்டினேன். அதே கனம்.

பம்ப் கம்பெனியில், பம்பை ஓட்டிச் சோதிக்கிற டெஸ்ட் பெட்டில் நின்று முப்பது வருஷம் தள்ளியவன் நான். ஒரு பம்ப் தண்ணீர் தூக்கவில்லை என்றால் ஒரே நேரத்தில் நாலைந்தைக் கழற்றக் கூடாது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். எதை மாற்றினால் சரியாகிறதோ அதுதான் குற்றவாளி. கேபிள் குற்றவாளி இல்லை. அடுத்தது லீவர்.

நவம்பர் 12, தீபாவளி

மகள் சம்யுக்தா ஓசூரிலிருந்து வந்திருக்கிறாள். எனக்கு எடுத்து வந்த சட்டையில் பட்டன் ஓட்டை ஊசி முனை அளவுதான் இருக்கிறது. இப்போதெல்லாம் எவன் ஒழுங்காகத் தைக்கிறான்? கடைசியில் துளசிமணிதான் போட்டுவிட்டாள். சம்யுக்தா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நவம்பர் 20, திங்கள்

லீவர் மாற்றியாயிற்று. கிளட்ச்சைத் தள்ளுகிற ராடையும் மாற்றியாயிற்று. பலனில்லை. காஜா பாயை வரச் சொன்னேன்.

உக்கடத்தில் பழைய உதிரி பாகக் கடை வைத்திருக்கிற மனுஷர். இந்த வண்டியில் பாதி அவர் கடையிலிருந்து வந்ததுதான். வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பெட்ரோல் டேங்கின் பச்சையைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். அப்புறம் லீவரைப் பிடித்து இழுத்தார். இரண்டு விரலில். விட்டார். திரும்ப இழுத்தார்.

"எப்படி இருக்குதுங்க பாய்?"

"நல்லாத்தான் இருக்குதுங்ணா."

"கனமா இல்ல?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். "பழைய வண்டிங்கல்ல ணா, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றார். முதலில் நல்லா இருக்கிறது என்றவர் அடுத்த நிமிஷம் கொஞ்சம் அப்படித்தான் என்கிறார்! டீ கொடுத்தால் குடித்துவிட்டு ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுகிற ரகம். போகும்போது வாசலில் துளசிமணியிடம் ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டதற்கு, பிரியாணி மசாலா பற்றி என்றாள்.

டிசம்பர் 2, சனி

இடது தோளில் தோலுக்கு அடியில் சதை தானாகத் துள்ளுகிறது. வலி ஒன்றும் இல்லை. காபி அதிகம். குறைக்க வேண்டும்.

ஒரு டம்ளர் உடைந்தது. ஈரக் கை.

சம்யுக்தா தினமும் போன் செய்து டாக்டர், டாக்டர் என்று உயிரை வாங்குகிறாள். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும், குனிந்து குனிந்து வேலை பார்த்தது, அவ்வளவுதான் என்றேன். "அதையே டாக்டர் சொல்லட்டும்ப்பா" என்றாள். வாய்க்கு வாய் பேசுவதில் அப்படியே அவள் அம்மா.

டிசம்பர் 7, வியாழன்

நரம்பு டாக்டர். சின்னப் பையன்தான், ஆனால் கெட்டிக்காரன். கையில் ஊசி குத்தி மெஷினில் போட்டுப் பார்த்தார்கள். கட்டை விரலை அவர் விரலோடு அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். "இன்னும் நல்லா" என்றார். நல்லாத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன்.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறதாம். ஸ்பேனர் பிடித்த கை பின்னே பூரி மாதிரியா உப்பியிருக்கும் என்று கேட்டேன். சிரித்தார். துளசிமணி சிரிக்கவில்லை.

டிசம்பர் 8, வெள்ளி

செயின் கவருக்குப் பாலிஷ் போட்டேன். வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 21, வியாழன்

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து நிறைய நேரம் பேசினார். கழுத்து எலும்பு இல்லையாம். ஒரு பெயர் சொன்னார். அதை இந்த டைரியில் எழுதப்போவதில்லை. தசைகள் ஒவ்வொன்றாக வலு இழந்துகொண்டே போகும், முதலில் இந்தக் கை, பிறகு அந்தக் கை, பிறகு மற்றவை. நிறுத்த மருந்து கிடையாது. துளசிமணி, "எத்தனை வருசமுங்க டாக்டர்?" என்று கேட்டாள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். கீழே ஒரு ராஜ்தூத் நின்றது, செயின் கவர் இல்லாமல். நல்ல வண்டியை எப்படிப் போட்டு வைத்திருக்கிறான் பார் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் அவளுக்குப் பதில் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பும்போது அவள் என் இடது கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். விடு புள்ள, வேர்க்குது என்றேன். விடவில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதி வைக்கிறேன். டாக்டர் சொன்னது கையைப் பற்றி. கிளட்ச் கனமாக இருப்பது கிளட்ச்சைப் பற்றி. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

டிசம்பர் 30, சனி

கண்டுபிடித்துவிட்டேன்! ஸ்பிரிங்! கிளட்ச்சுக்குள் ஆறு ஸ்பிரிங். அவைதான் தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கின்றன. அந்த அழுத்தத்துக்கு எதிராகத்தான் லீவரை இழுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ஒரு நட் உண்டு. கவரைத் திறந்து ஆறு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தினேன். இழுத்தேன். கொஞ்சம் வந்தது. இன்னும் அரைச் சுற்று. இன்னும் ஒன்று. இப்போது நாலு விரலையும் போட்டு இழுத்தால் லீவர் கைப்பிடியைத் தொடுகிறது.

வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் பத்தடி உருட்டிப் பார்த்தேன். கியர் விழுகிறது, வண்டி நகர்கிறது. எத்தனை நாள் தூக்கம் போயிற்று இதற்கு! துளசிமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லதுங்க" என்றாள். கொஞ்சம் சந்தோஷமாகச் சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

ஜனவரி 15, பொங்கல்

பொங்கல் வைத்து முடித்ததும் புதுச் சேலையோடு ஷெட்டுக்கு வந்தாள். தலையில் பூ. கையில் என் சட்டை.

"ஏனுங்க, இன்னைக்கு நல்ல நாளு. ரோடும் காலியாக் கெடக்குது. வாங்க, சித்தெ ஆனைகட்டி போயிட்டு வந்துடலாம்."

"கண்காட்சிக்கு ரெண்டு வாரம்தான் இருக்குது. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"அதுக்கப்பறம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"அதுக்கப்பறம் என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. இப்ப போலாம். நீலம் பாஞ்சா பாஞ்சுட்டுப் போகுது."

எனக்கு வந்ததே கோபம். ஏழு வருஷமாக உப்புத்தாள் தேய்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். நீலம் பாய்ந்தால் பாய்ந்துவிட்டுப் போகிறதாம்! "பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?" என்று கத்திவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக. அவள் சட்டையை வண்டி சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். பட்டன் எல்லாம் ஏற்கெனவே போட்டு, தலை வழியாக மாட்டிக்கொள்கிற மாதிரி மேல் பட்டனை மட்டும் விட்டிருந்தாள்.

சர்க்கரைப் பொங்கலில் ஏலக்காய் அதிகம்.

ஜனவரி 27, சனி

நாளைக்குக் கண்காட்சி. டயர் காடிகளைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் துளசிமணியே சுத்தம் செய்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே உட்கார்ந்தாள். வலது கையும் இன்று ஏனோ களைப்பாக இருக்கிறது. துணி பிடித்துத் தேய்த்த களைப்பு.

ஜனவரி 28, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்லூரி மைதானம். காலையிலேயே நல்ல கூட்டம். கார்கள் ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள்கள் ஒரு பக்கம். என் வண்டியைச் சுற்றி ஆள் குறையவே இல்லை. நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் ஊட்டிக்காரர், தாடி வைத்தவர், மண்டியிட்டு உட்கார்ந்து சைலன்சரின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஓட்டவே இல்லீங்களா சார்? ஒரு துளி நீலம் இல்ல!" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. துளசிமணியைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தாயா, இதற்குத்தான் என்று. அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

விதி என்னவென்றால் வண்டியின் சொந்தக்காரரே தன் கையால் கிளப்பி, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மரப்பலகைச் சரிவில் ஏறி மேடையில் நிறுத்த வேண்டும். என் முறை வந்தது. இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. விசில் பறந்தது. கிளட்ச்சை நாலு விரலால் இழுத்தேன், வந்தது. கியர் விழுந்தது. ஓட்டினேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அதன் மேல் உட்கார்ந்து காற்று முகத்தில் படுகிற வேகத்தில் போனேன். ஒரு சுற்றுதான். எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

சரிவில் முன்சக்கரம் ஏறியது. முறுக்கினேன். எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. இன்னும் முறுக்கினேன். அலறல் கூடியது. வண்டி அதே இடத்தில் நின்று மெல்லப் பின்னால் நழுவியது. கிளட்ச் தட்டு கருகுகிற வாடை. அப்போதுதான் உறைத்தது. ஸ்பிரிங்கை அவ்வளவு தளர்த்தினால் தட்டுகள் பிடிக்காமல் வழுக்கத்தானே செய்யும்? சமதரையில் தெரியாது. மேட்டில் காட்டிக்கொடுத்துவிடும். பயிற்சிக்கு வந்த முதல் வாரத்துப் பையனுக்குக்கூடத் தெரிகிற விஷயம். லோடு ஏற்றிப் பார்க்காமல் ஒரு பம்பைக்கூட வெளியே விடாத நான், பத்தடி உருட்டிவிட்டு நல்லா இருக்கிறது என்று எழுதி வைத்தேன்.

தொண்டர் பையன்கள் ரெண்டு பேர் ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். தள்ளுவண்டி மாதிரி மேடை ஏறினேன். மைக்கில் ஒருத்தன், "ஐயாவுக்கு எல்லாரும் ஒரு கைதட்டல் குடுங்க!" என்றான். மொத்தக் கூட்டமும் தட்டியது. அந்த மைக்கைப் பிடுங்கி அவன் வாயில் திணித்திருக்க வேண்டும்.

தாடிக்காரர் வந்து கிளட்ச் லீவரைப் பிடித்துப் பார்த்தார். "ஸ்பிரிங்கை ஏனுங்க சார் இவ்வளவு லூசா வெச்சீங்க? லீவர் காத்துல ஆடுது." அதற்குள் காஜா பாய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார். "தப்பு என்னுதுங்க. நாந்தான் அட்ஜஸ்ட் பண்ணினேன். அண்ணா அப்பவே வேண்டாம்னு சொன்னாரு, நாந்தான் கேக்கல" என்றார். கவரைத் திறந்ததுகூடத் தெரியாத மனுஷர். நான் மறுத்துப் பேசவில்லை. தலையை ஆட்டினேன்.

பரிசு வேறு எவனோ ஒரு ஜாவா வண்டிக்காரனுக்கு. எனக்கு ஒரு ஆறுதல் கேடயம். அதில் மயில் படம்.

ஜனவரி 29, திங்கள்

இன்றைக்குத்தான் ஆனைகட்டி போயிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

காஜா பாய் வந்து கருகின தட்டுகளை மாற்றி, ஸ்பிரிங் நட்டுகளைப் பழைய அளவுக்கே முறுக்கினார். மேடையில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "விடுங்ணா" என்றார். திரும்பக் கேட்டேன். "நவம்பர்லயே எனக்குத் தெரியுமுங்ணா. எங்க வாப்பாவோட கையும் இப்படித்தான் ஆச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். தைரியம் வல்ல" என்றார். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது அவருக்கு. மசாலா பற்றிப் பேசவில்லை போலிருக்கிறது வாசலில்.

அவர் போன பிறகு லீவரை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையையும் போட்டு இழுத்தேன். பாதி வந்தது. ஆக, நான் இந்த வண்டியை இனி ஓட்டப்போவதில்லை. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நின்றே கிடந்தாலும் கெடாதபடி வண்டியை அடக்கி வைத்தோம். கை துளசிமணியுடையது, வாய் என்னுடையது.

முதலில் டேங்கிலிருந்த பெட்ரோலைக் கேனில் இறக்கச் சொன்னேன். கார்புரேட்டரில் தங்கியிருப்பதையும் வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசினாக உறைந்துவிடும். ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு இடது பக்கம், வலது பக்கம் என்று அதட்டிக்கொண்டிருந்தேன். "எது எடது? வண்டிக்கு எடதா, எனக்கு எடதா?" என்று அவளும் பதிலுக்கு அதட்டினாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். அந்த ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் எஞ்சின் ஆயில் ஊற்றி, உதைக்கிற கிக்கரை மெல்ல அமுக்கி, உள்ளே பரவவிட வேண்டும். மருந்து ஊற்றுகிற மாதிரி ஸ்பூனில் அளந்து ஊற்றினாள். சக்கரங்களுக்கு அடியில் கட்டை கொடுத்துத் தரையைத் தொடாமல் தூக்கினோம். குரோம் முழுக்க வாசலின். எலி புகாமல் சைலன்சர் வாயில் துணி.

"எத்தனை மாசத்துக்குங்க இதெல்லாம்?" என்றாள்.

"மூணு மாசம்."

"மூணு மாசத்துக்குச் சிலிண்டர்ல ஆயில் வேண்டாம்னு பாய் சொன்னாருங்களே."

சைலன்சர் துணியை இன்னும் உள்ளே தள்ளச் சொன்னேன். தள்ளிவிட்டு வாசலினை வழித்து வழித்துப் பூசினாள்.

கடைசியாகக் கிளட்ச். நீண்ட நாள் நிற்கிற வண்டிக்கு லீவரை இழுத்தபடி கட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய சைக்கிள் டியூப் துண்டைக் கொடுத்து, "ரெண்டு கையிலயும் புடிச்சு பலமா இழு, கனமா இருக்கும்" என்றேன். காலை அகட்டி வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். டப்பென்று கைப்பிடியில் போய் முட்டியது.

"இது லேசாத்தானுங்க இருக்..." என்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள். லீவரை விடவும் இல்லை.

"பாய் நல்லா முறுக்கியிருக்காரு" என்றேன். கனமா, லேசா என்று சொல்லாமல். அவள் டியூபைச் சுற்றிக் கட்டினாள்.

போர்வையைப் போடப் போனபோது எனக்கு என்னவோ தோன்றியது. "துளசி, சித்தெ பின்னாடி ஏறி உக்காரேன். நான் முன்னாடி உக்காரறேன்" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது.

"எதுக்குங்க? கட்டை மேல நிக்கிற வண்டியில ஏறி உக்காந்து என்ன பண்றது? நவம்பர்ல கேட்டேன். அப்ப கை வந்துச்சு உங்களுக்கு. பொங்கலன்னிக்குக் கேட்டேன், அப்பவும் கொஞ்சம் வந்துச்சு. வெக்கத்த விட்டுப் பூ வெச்சுக்கிட்டு வந்து கேட்டேன். நீலம் பாஞ்சுரும்னீங்க. எவனோ தாடிக்காரன் கண்ணாடி வெச்சுப் பாக்கறதுக்காக என்னையக் கூட்டிட்டுப் போகல நீங்க. இப்ப வந்து ஏறி உக்காருன்னா?"

இத்தனை வருஷக் குடும்பத்தில் அவள் இப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. போர்வையை உதறி வண்டி மேல் போட்டாள். நாலு மூலையையும் இழுத்துக் கட்டினாள். பிறகு அந்தப் போர்வை மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். எழுந்து போய் அவள் தோளில் கை வைக்க நினைத்தேன். கை மேலே வரவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

பேனா வழுக்குகிறது. வண்டிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பெட்ரோல் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பேனாவில் மாட்டிக் கொடுத்தாள். பருமனாக இருக்கிறது, பிடிக்க முடிகிறது. எழுத்துதான் கோழி கிளறின மாதிரி.

மார்ச் 11, திங்கள்

சாப்பாடு ஊட்டிவிடுகிறாள். ரசம் சூடு.

மார்ச் 16, சனி

சம்யுக்தா வந்தாள். கண்காட்சியில் பார்த்த யாரோ சென்னைக்காரர் வண்டியைக் கேட்கிறாராம், கொடுத்துவிடலாமாப்பா என்றாள். முடியாது என்று கத்தினேன். கத்தினது பாதிதான் வெளியே வந்தது. குரல் கம்முகிறது இப்போது. "உனக்கு வேணுமா கண்ணு?" என்றேன். "எனக்கு ஓட்டத் தெரியாதேப்பா" என்றாள். பிறகு யாருக்காக அந்த ஆயிலும் வாசலினும் என்று அவள் கேட்கவில்லை. நான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 29, வெள்ளி

வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. துளசிமணி அவளுடைய ஸ்கூட்டியில் கூட்டிப்போகிறாள். பிசியோதெரபி செய்கிற பெண் விரலை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குகிறாள். சரியாகிவிடுமா என்று நான் கேட்பதில்லை, அவளும் பொய் சொல்வதில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

மெதுவாக எழுதுகிறேன். முழுதும் எழுதியாக வேண்டும்.

காலையில் ஸ்கூட்டியில் பெட்ரோல் இல்லை. துளசிமணி ஷெட்டுக்குப் போய், அன்று வண்டியிலிருந்து இறக்கி வைத்த கேனைத் தூக்கி வந்து ஊற்றினாள். "கேன்ல கெடந்து கெட்டுப்போறதுக்கு இதுல ஓடட்டுமுங்க" என்றாள். சரி என்றேன்.

பிசியோதெரபி முடிந்தது. இடையர்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவள் திரும்பவில்லை. ஆனைகட்டிக்குப் போகிற தடாகம் ரோட்டிலேயே நேராக விட்டாள்.

"எங்க போற?"

ஆக்சிலேட்டரை முறுக்கினாள். செங்கல் சூளைகள் போயின. மலை கிட்டே வந்தது. காற்றில் வெயிலோடு வேப்பம்பூ வாசம்.

"வேண்டாம் புள்ள. திரும்பு. வண்டி இழுக்காது."

"இழுக்கும். உங்க வண்டிப் பெட்ரோல் தானுங்களே."

முதல் மேடு தெரிந்தது. வேகத்தைக் குறைத்தாள். என் உடம்பு பின்னால் சாய்வது எனக்குத் தெரிந்தது. பின்சீட்டுக் கம்பியைப் பிடிக்கும்படி கைகளுக்குச் சொன்னேன். அவை கேட்கவில்லை. சொன்னால் அவள் வண்டியைத் திருப்பிவிடுவாள், ஆனைகட்டி மறுபடியும் இல்லாமல் போகும்.

"மேடு வருதுங்க. கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டீங்களா?"

"புடிச்சுக்கிட்டேன். நீ போ" என்றேன்.

இரண்டு கையும் மடியில்தான் கிடந்தன.